ரத்தத்தில் இரும்பு ஏறிய டால்பின்கள்!

மூன்று டால்பின்களுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது.

மீனை நீட்டினால் வாங்கவில்லை. சுறுசுறுப்பு இல்லை. தண்ணீரில் மந்தமாகக் கிடந்தன. சில நாட்களில் தேறின. "அப்பாடா, குணமாகிவிட்டது" என்று இருந்தால், மறுபடியும் அதே சோர்வு!

இது நடந்தது அமெரிக்காவில். அந்த மூன்றும் அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமான டால்பின்கள்.

கடற்படைக்கு டால்பின் எதற்கு?

கடலுக்கு அடியில் மறைத்து வைத்த கண்ணிவெடியைக் கண்டுபிடிப்பதற்கு! டால்பின் தண்ணீருக்குள் "டிக், டிக்" என்று ஓசை எழுப்பும். அந்த ஓசை எதிலாவது பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்டே, எதிரே இருப்பது கல்லா, மீனா, இரும்பா என்று அது அறிந்து கொள்ளும். 1960-ம் ஆண்டு முதல் அமெரிக்கக் கடற்படை டால்பின்களை வளர்த்துப் பழக்கியது. சான் டியேகோ நகரத்துத் துறைமுகத்தில், கடல் தண்ணீரிலேயே வலை கட்டிய அடைப்புகளில் அவை வளர்ந்தன.

டால்பினை மீன் என்று பலர் நினைக்கிறார்கள். அது மீன் அல்ல. நம்மைப் போல மூச்சு விடும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அதன் உடம்பில் ஓடுவது சூடான சிவப்பு ரத்தம். நம் கடற்கரை மீனவர்கள் இதை "ஓங்கில்" என்பார்கள்.

சரி, அந்த மூன்று ஓங்கில்களுக்கும் வந்த நோய் என்ன? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வாயில்லா நோயாளி

நமக்கு உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போகிறோம். "இங்கே வலிக்கிறது, அங்கே குத்துகிறது" என்று சொல்கிறோம். டால்பின் என்ன சொல்லும்? பாவம், வாயில்லா ஜீவன்!

போதாததற்கு, அது நோயை மறைக்கவும் செய்யும். கடலில் சோர்ந்து நீந்தினால் சுறா விடுமா? அதனால் முடிந்த மட்டும் தெம்பாக இருப்பது போலவே காட்டிக் கொள்ளும். பட்டினி கிடக்க ஆரம்பித்துவிட்டது என்றால், நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

1960-க்கு முன்னால் டால்பின் வைத்தியம் என்று தனியாக ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. 1955-ம் ஆண்டில் சில விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்காக டால்பின்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மயங்கிய டால்பின்கள் மூச்சு நின்று இறந்துபோயின! காரணம் என்ன? நாம் தூங்கினாலும் மூச்சு தானாக ஓடும். டால்பின் அப்படி அல்ல. ஒவ்வொரு மூச்சையும் அது நினைத்து நினைத்து விடுகிறது. நினைவு போனால் மூச்சும் போய்விடும்.

பிறகு கடற்படையின் மிருக வைத்தியர் டாக்டர் சாம் ரிட்ஜ்வே என்பவர், கருவி மூலம் மூச்சு கொடுத்துக்கொண்டே டால்பினை மயக்கும் வழியைக் கண்டார். கடல் விலங்கு வைத்தியத்துக்கு வழி போட்டவர் அவர். 2022-ம் ஆண்டில் காலமானார்.

வாய் பேசாவிட்டால் என்ன? ரத்தம் பேசும்! உடம்புக்குள் நடப்பதை எல்லாம் ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே, முதலில் ரத்தம் எடுக்க வேண்டும்.

வாலில் ஊசி!

எங்கே எடுப்பது? நமக்குக் கையில் ஊசி போடுகிறார்கள். டால்பினுக்கு முன்பக்கம் இருப்பது துடுப்பு. உடம்பு முழுவதும் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு. நரம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

வால் துடுப்பில் கொழுப்பு குறைவு. அங்கே நடுவில் ஒரு ரத்தக் குழாய் ஓடும். அதைச் சுற்றிக் கயிறு முறுக்கியது போலப் பல சிறு குழாய்கள் ஓடும். குளிர்ந்த தண்ணீரில் உடம்புச் சூடு வீணாகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. வைத்தியர் அந்த இடத்தில் ஊசியைச் செலுத்துவார்.

டால்பின் சும்மா இருக்குமா?

இருக்கும்! அதுதான் வேடிக்கை. பழக்குபவர் அதை முன்கூட்டியே தயார் செய்திருப்பார். முதல் நாள் வாலைத் தொட மட்டும் செய்வார். தொட விட்டால் ஒரு மீன். அடுத்து வாலை மடியில் பிடித்து வைத்துக் கொள்வார். அதற்கும் மீன். பிறகு விரலால் அழுத்துவார். பஞ்சால் துடைப்பார். கடைசியாக ஊசி. இப்படிப் பல நாள் பழகிய டால்பின், சைகை காட்டியதும் தானே மல்லாந்து கிடந்து வாலை நீட்டும்.

வலை போட்டுப் பிடித்து அமுக்கி எடுத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் மிரண்ட விலங்கின் ரத்தமும் மிரண்டு போகும். ரத்தத்தில் உள்ள அணுக்களின் கணக்கும், சர்க்கரையின் அளவும் மாறிவிடும். நோயைப் பார்க்கிறோமா, பயத்தைப் பார்க்கிறோமா என்பதே தெரியாமல் போய்விடும்.

சீல் என்னும் கடல் விலங்குக்கு வேறு வழி. அதற்கு இடுப்புக்கு அருகே, முதுகெலும்பின் உள்ளே ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்புகளின் இடுக்கு வழியாக ஊசி போட வேண்டும். பின்பக்கத் துடுப்பிலும் எடுப்பது உண்டு.

உறையாத ரத்தம்

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும்.

மனித ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்தால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். டால்பின் ரத்தம் அப்படி லேசில் உறைவதில்லை. விவரம் தெரியாத வைத்தியர் பார்த்தால், "ஐயோ, இதற்கு ரத்தம் உறையாத நோய்!" என்று பதறிவிடுவார்.

அது நோயே அல்ல!

மனித ரத்தத்தில் ஹேகமான் பொருள் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் பட்டதும் ரத்தத்தை உறையச் செய்வது அதுதான். ஜான் ஹேகமான் என்ற அமெரிக்க ரெயில்வே தொழிலாளியின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். அவரது ரத்தம் குழாயில் உறையவில்லை. டாக்டர்கள் திகைத்தார்கள். ஆனால் அந்த மனிதருக்குக் காயம் பட்டால் ரத்தம் நின்றுவிடும்! உடம்புக்குள் ரத்தம் உறைய வேறு வழி இருந்தது. 1955-ல் இது வெளியாயிற்று. அவர் 1968-ல் இறந்தார். எதனால் தெரியுமா? எலும்பு முறிந்து படுத்திருந்தபோது, உறைந்த ரத்தக் கட்டி ஒன்று நுரையீரலில் போய் அடைத்ததால்! விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது?

டால்பினுக்கும் கொலைத் திமிங்கிலத்துக்கும் இந்தப் பொருள் இல்லை என்று 1969-ல் கண்டுபிடித்தார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, திமிங்கிலக் குடும்பம் நிலத்தை விட்டுக் கடலுக்குப் போன காலத்திலேயே இதை இழந்துவிட்டது என்று காட்டியது. ஆழத்தில் மூழ்கும்போது ரத்த ஓட்டம் மெதுவாகும். அப்போது ரத்தம் கட்டிப் போகாமல் இருக்க இது உதவலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

ஆகவே கடல் விலங்கின் வைத்தியருக்கு மனிதக் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. டால்பினுக்கு டால்பின் கணக்கு, சீலுக்குச் சீல் கணக்கு.

நூறு இடத்தில் 92!

இப்போது அந்த மூன்று டால்பின்களிடம் வருவோம்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈரல் கெடும்போது ரத்தத்தில் கசியும் சில பொருள்கள் அதிகமாக இருந்தன. ஆகவே கோளாறு ஈரலில்தான். சரி, ஈரலைக் கெடுத்தது எது?

இரும்பு!

ஆம், ரத்தத்தில் இரும்பு அளவுக்கு மேல் இருந்தது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பதே இரும்புச் சத்துதான். அது இல்லாவிட்டால் சோகை வரும். அளவோடு இருந்தால் அமுதம். அதிகமானால் நஞ்சு.

ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்ல ஒரு வாகனம் உண்டு. அதை ஒரு பஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் நூறு இடம். நல்ல உடம்புள்ள மனிதருக்கு அதில் பாதி இடம் கூட நிரம்பாது. அந்த டால்பின்களுக்கோ 82 முதல் 92 இடம் வரை நிரம்பிக் கிடந்தது! இடம் கிடைக்காத இரும்பு எங்கே போகும்? ஈரலில் போய்ப் படியும். படிந்து படிந்து ஈரலைக் கெடுக்கும்.

ஈரலில் துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. மூன்று டால்பின்களின் ஈரலிலும் இரும்பு படிந்திருந்தது.

ஏன் இப்படி? இரும்பு மாத்திரை அதிகம் கொடுத்தார்களா? இல்லை. வேறு ரத்தம் ஏற்றினார்களா? அடிக்கடி ரத்தம் ஏற்றிக் கொள்ளும் மனிதர்களுக்கு இப்படி இரும்பு சேருவது உண்டு. ஆனால் இவற்றுக்கு ரத்தம் ஏற்றியதே இல்லை. சிவப்பு அணுக்களில் பிறவிக் கோளாறா? அதுவும் இல்லை. துப்பறிபவர் சந்தேகப்பட்டவர்களை ஒவ்வொருவராக விடுவிப்பது போல, காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள்.

மனிதருக்கும் இரும்பு படியும் நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் பரம்பரையாக வரும். ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம். டால்பின்களுக்கு வந்தது அதைப் போன்ற நோய் என்று முடிவு செய்தார்கள்.

(இதைப் படித்துவிட்டு, கர்ப்பிணிப் பெண்கள் டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நம் நாட்டில் பெண்களுக்கு இரும்பு போதாமைதான் பெரிய தொல்லை.)

மருந்து இல்லாத வைத்தியம்

உடம்பில் ஏறிய உப்பு சிறுநீரில் போய்விடும். இரும்பு அப்படிப் போகாது. அதை வெளியே தள்ள உடம்பில் வாசல் இல்லை. பிறகு எப்படி இறக்குவது?

ரத்தத்தையே எடுத்துவிடுவது!

ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் அரை கிராம் இரும்பு இருக்கிறது. ரத்தத்தை எடுத்தால் அந்த இரும்பும் வெளியே வந்துவிடும். குறைந்த ரத்தத்தை ஈடுகட்ட உடம்பு புது ரத்தம் ஊறச் செய்யும். புது ரத்தத்துக்கு இரும்பு வேண்டுமே! ஈரலில் பதுக்கி வைத்திருக்கும் இரும்பை எடுத்து அது செலவழிக்கும். மறுபடியும் ரத்தம் எடுத்தால் மறுபடியும் கொஞ்சம் இரும்பு குறையும். பதுக்கல் மெல்ல மெல்லக் கரையும்.

அந்தக் காலத்தில் நம் ஊர்களில் கெட்ட ரத்தம் போக அட்டை விடுவார்கள். மேல்நாட்டில் நாவிதர்களே கத்தியால் கீறி ரத்தம் இறக்குவார்கள். எந்த நோய்க்கும் அதே வைத்தியம். அதனால் செத்தவர்களும் உண்டு. ஆனால் இரும்பு படிந்த நோய்க்கு மட்டும், ரத்தம் எடுப்பது உண்மையிலேயே தக்க வைத்தியம் என்று 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டாக்டர்கள் கண்டார்கள். மனிதருக்குச் செய்த அதையே டால்பினுக்கும் செய்து பார்த்தார்கள்.

ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் முதல் மூன்று லிட்டர் வரை எடுத்தார்கள். மூன்று லிட்டரா என்று மலைக்க வேண்டாம். நாம் ரத்த தானம் செய்யும்போது எடுப்பது அரை லிட்டருக்கும் குறைவு. ஆனால் டால்பின் பெரிய பிராணி. அதன் உடம்பில் உள்ள ரத்தத்தில் இது நூற்றுக்கு 7 முதல் 17 பங்குதான்.

இப்படி ஐந்தாறு மாதங்கள் வைத்தியம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைச் சோதித்தார்கள். அளவுக்கு மீறி எடுத்தால் சோகை வந்துவிடுமே! இரும்பு போய்ச் சோகை வந்தால், பேயை ஓட்டிப் பிசாசை அழைத்த கதைதான்.

இரும்பு குறைந்தது. ஈரலும் தேறியது. 2009-ல் இந்த வைத்தியத்தின் விவரம் மிருக வைத்தியர்களின் பத்திரிகையில் வெளியாயிற்று.

ஆனால் இது ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடும் வைத்தியம் அல்ல. இரும்பு மறுபடியும் ஏறும். அவ்வப்போது சோதித்து, ஏறியிருந்தால் திரும்பவும் ரத்தம் எடுக்க வேண்டும். மனிதருக்கும் அப்படித்தான். ஆயுள் முழுவதும் கவனம் வேண்டும்.

கூண்டுக்குள் வரும் நோய்

நோய்க்கு வழி கிடைத்தது. அதன் வேர் எங்கே இருக்கிறது?

புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா என்ற விரிகுடா இருக்கிறது. அங்கே கடலில் சுதந்திரமாக வாழும் டால்பின்களை 1970-ம் ஆண்டு முதல் விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். சில சமயம் பிடித்து, உடம்பைச் சோதித்து, ரத்தம் எடுத்துக் கொண்டு, அங்கேயே விட்டுவிடுவார்கள். அந்த ரத்தத்தையும் அடைப்பில் வளரும் டால்பின்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள்.

அடைப்பில் இருப்பவற்றுக்குத்தான் இரும்பு அதிகம்!

டால்பின் மட்டும் அல்ல. வட பசிபிக் கடலில் வாழும் ரோமச் சீலை அடைத்து வளர்த்தபோதும் இதே தொல்லை. மிருகக்காட்சி சாலைக் கறுப்புக் காண்டாமிருகத்துக்கும் இரும்பு ஏறுகிறது. கூண்டில் வளரும் மலை மைனாவுக்கு ஈரலில் இரும்பு சேர்ந்து சாவது, பறவை வைத்தியர்கள் நன்கு அறிந்த சங்கதி. காட்டில் இல்லாத நோய் கூண்டில் ஏன் வர வேண்டும்?

சாப்பாட்டின் மேல் சந்தேகம் விழுந்தது.

சரசோட்டா டால்பின் தானே வேட்டையாடிப் பல வகை மீனைத் தின்னும். அடைப்பில் உள்ளதற்கு ஐஸில் உறைந்த மீன்தான் சாப்பாடு. அதிலும் பெரும் பங்கு கேப்ளின் என்ற சிறு மீன். குளிர்ந்த வட கடலில் கிடைப்பது. விலை மலிவு, வருஷம் முழுவதும் கிடைக்கும்.

ஸ்டெபானி வென்-வாட்சன் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் மீன்களின் கொழுப்பை ஆராய்ந்தார்கள். ஒரு வகைக் கொழுப்பு கேப்ளினில் அறவே இல்லை. மடவை மீனில் அது நிறைய இருந்தது. பின்பிஷ் என்ற வேறொரு மீனிலும் இருந்தது. மடவை யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கழிமுகங்களில் துள்ளும் அதே மடவைக் குடும்பம்தான்!

ஆறு டால்பின்களுக்குச் சாப்பாட்டை மாற்றினார்கள். கேப்ளினைக் குறைத்து, அந்தக் கொழுப்பு உள்ள மீன்களைச் சேர்த்தார்கள். 24 வாரங்கள் பார்த்தார்கள். இரும்பு சேமிப்பைக் காட்டும் பொருள் மூன்றாவது வாரத்திலேயே இறங்கத் தொடங்கியது! சர்க்கரையும் கொழுப்பும் கூட ஒழுங்குக்கு வந்தன. 2015-ல் இதை வெளியிட்டார்கள்.

ஊசி போட்டு லிட்டர் லிட்டராக எடுத்ததன் பலனில் ஒரு பகுதி, தட்டில் மீனை மாற்றியதிலேயே கிடைத்துவிட்டது!

அதே கொழுப்பு வெண்ணெயிலும் பாலாடையிலும் சிறிது இருக்கிறது. அதற்காக உடனே வெண்ணெய்ச் சட்டியைத் தேட வேண்டாம். சோதித்தது ஆறு டால்பின்களை. அந்த விஞ்ஞானி பின்னால் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கொழுப்பை மனிதருக்கு மாத்திரையாக விற்கும் கம்பெனியையும் தொடங்கினார். டால்பினுக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா என்பதை, வியாபாரத்தில் சம்பந்தப்படாதவர்கள் சோதித்துச் சொல்வதுதான் முறை.

அடைப்பில் உள்ள கடல் விலங்குக்கு மீன் மட்டும்தானா குறை? ஆழம் இல்லை. வேட்டை இல்லை. நேரம் பார்த்து வாயில் விழும் சாப்பாடு. இவற்றிலும் நோய்க்குப் பங்கு இருக்கலாம் என்று வைத்தியர்களே எண்ணுகிறார்கள். வயது இன்னொன்று. நல்ல கவனிப்பில் அடைப்பு டால்பின்கள் நாற்பது வயதையும் தாண்டுகின்றன. வயது ஏற ஏற இரும்பும் ஏறும்.

இவ்வளவும் செய்ய வைத்தியர், ஆய்வுக்கூடம், பழக்குபவர், பணம் எல்லாம் வேண்டும். கடற்படையிடம் இருந்தது. வித்தை காட்டும் எல்லா இடங்களிலும் இருக்குமா? 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே காட்சிக்காகப் பல்கேரியா நாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டு வந்தார்கள். சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. 2013-ம் ஆண்டு மே மாதத்தில், டால்பின் காட்சி சாலைகளுக்கு அனுமதி கிடையாது என்று இந்திய அரசு அறிவித்துவிட்டது.

வெளிநாடுகளில் ஏற்கெனவே அடைப்பில் பிறந்து வளர்ந்த டால்பின்கள் இருக்கின்றன. கடலையே பார்க்காத அவற்றைத் திடீரென்று கடலில் விட்டால் இரை பிடிக்கத் தெரியாது. அவற்றுக்கு வைத்தியமும் வேண்டும், நல்ல மீனும் வேண்டும். அதனால்தான் வாலை நீட்டச் சொல்லிப் பழக்குவதை இன்று குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள்.